ஃப்ளோரன்ஸ் தலையாட்டிவிட்டாள்

மகள் ஆன்சியின் கல்யாணப் பேச்சைக் கோயில் ஹாலில் வைக்க வேண்டாமென்று ஃப்ளோரன்ஸ் ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்தாள். கணவன் சவரிநாதன் கேட்கவில்லை.

"வூட்ல இருவது பேர் ஒக்கார எடம் எங்க கீது? அதான் ஆபரேஷன் பண்ணி காதுல மெஷின் வெச்சாச்சே. இன்னும் இன்னா?"

வீட்டில் எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசினால் அவளுக்கு எல்லாம் புரியும். போனில்கூடப் பேசுவாள். ராயபுரத்து அந்த ஹாலுக்கோ உயரமான கூரை, வெற்றுச் சுவர், டைல்ஸ் தரை. பேச்சு நடந்த அன்று ஒவ்வொரு சொல்லும் சுவரில் முட்டித் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழுந்தது. மெஷின் எதிரொலியையும் சேர்த்தே பிடித்துக் கொடுத்தது.

மாப்பிள்ளை ஃப்ரெடியின் அம்மா சுகிர்தம் ஏதோ கேட்டாள்.

"கொஞ்சம் நிதானமா சொல்லுங்க சம்மந்தி."

சுகிர்தம் கத்தினாள். கத்தக் கத்த இன்னும் குழம்பியது. எல்லோரும் ஃப்ளோரன்ஸின் முகத்தையே பார்த்தார்கள். மூன்றாம் தடவை கேட்கக் கூச்சமாக இருந்தது. தலையாட்டிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். ஆன்சியின் முகம் சுண்டிப்போனது. அம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"கல்யாணத்துக்கப்புறம் வேலைய வுட்டுடணும்னு கேக்குறாங்க. நீ பாட்டுக்கு தலையாட்டிக்கினு கீற."

துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேனை ஓட்டுகிறாள் ஆன்சி. அந்த வேலைக்கு அவள் இரண்டு வருஷம் அலைந்திருக்கிறாள். ஃப்ளோரன்ஸுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. புருஷன் மேல் அதைவிட வந்தது. உள்ளே போய் அவனிடம் சொன்னாள்.

"எல்லாரையும் வெளிய கூப்புடு."

"மரியாதயா இருக்குமா?" என்று அவன் உதடு அசைந்தது.

"வெளங்காம பொண்ணு வாழ்க்கைக்கு தலையாட்டுறது மட்டும் மரியாதயா?"

நாற்காலிகள் வாசலில் இருந்த மர நிழலுக்கு வந்தன. தெருவில் லாரி போகும்போது பேச்சை நிறுத்தச் சொன்னாள் ஃப்ளோரன்ஸ். சுகிர்தம் சலித்துக்கொண்டே மறுபடி சொன்னாள்.

"கிரேன் ஓட்டுற பொண்ணுன்னா எங்க சொந்தத்துல ஒரு மாதிரி பேசுவாங்க. அதான் வேணாம்னோம். நீங்களும் சரின்னீங்க."

"உள்ள எனக்கு ஒரு வார்த்த வெளங்கல சம்மந்தி. வெளங்காம தலையாட்டுனது என் தப்பு. இப்ப வெளங்குது. அவ வேலைய வுட மாட்டா."

"அப்ப நாங்க யோசிக்கணும்."

"இதுல யோசிக்க இன்னாம்மா கீது?" என்றான் ஃப்ரெடி. அவன் மேலும் ஏதோ சொல்லும்போது லாரி ஒன்று போனது. அது தாண்டும்வரை நிறுத்தி, ஃப்ளோரன்ஸின் பக்கம் திரும்பி மறுபடி சொன்னான். "அவ வேல தெரிஞ்சுதான் பொண்ணு கேட்டேன் அத்த. வுட வேணாம்."

சுகிர்தம் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு தேதி குறித்தார்கள். பிரியாணி உள்ளே தயாராக இருப்பதாகச் சவரிநாதன் வந்து கூப்பிட்டான். ஃப்ளோரன்ஸ் நாற்காலியை விட்டு எழவில்லை.

"எனக்கு இங்கயே கொண்டாந்து குடு."