கமலாசனிக்கு ஒரு கோல்

ரஜிதன் லண்டனிலிருந்து குரல்பதிவு அனுப்பியிருந்தான். "அம்மா, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கெண்டு ஒரு கோல் அடிப்பன்."

கமலாசனி அதை ஏழெட்டுத் தரம் கேட்டாள். பதினெட்டு வயதில் ஜெயபுரத்தை விட்டுப் போனவனுக்கு இப்போது முப்பத்தைந்து. போன் எடுப்பதோ ஆடிக்கொன்று அமாவாசைக்கொன்று. அப்படிப்பட்டவன் நாள் சொல்லிப் போன் கோல் எடுக்கப் போகிறான்.

ஞாயிறு வயலில் நெல் வெட்டுகிற மெசின் இறங்கியது. கணவன் அப்புத்துரையைத் தனியே அனுப்பிவிட்டு, தலை முழுகி, நல்ல சீலை கட்டி, சிக்னல் கிடைக்கிற வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று மணியானது, ஐந்தானது. கோல் வரவில்லை. வந்தது ஒரு படம்தான். புல்லில் ரஜிதன் விழுந்து கிடக்க, அவன்மேல் பத்துப் பேர். பிள்ளையைப் போட்டு அடிக்கிறார்கள் என்றே அவள் நினைத்தாள்.

பூநகரியில் வேலை முடிந்து வந்த மகள் பிரஷாந்தினி படத்தின் கீழ் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அடித்தது பந்துக் கோலாம். பதின்மூன்று வருடமாக அங்கே ஒரு சின்னக் கழகத்துக்கு ஆடுகிறவனுக்கு இது இருநூறாவது. வெள்ளைக்காரப் பெடியள் சந்தோசத்தில்தான் மேலே விழுந்தார்களாம். முழங்கால் இனி ஏலாது, இதுதான் கடைசி ஆட்டமாம்.

பந்துக் கோல் கமலாசனிக்குத் தெரியாததல்ல. காத்துக்கிடந்த காதில் அது ஏறவில்லை, அவ்வளவுதான். அவள் சிரிக்காமல் போனை வாங்கிப் பேசி அனுப்பினாள்.

"இருநூறு கோல் அடிச்சியாம், சந்தோசம் ராசா. அதில ஒண்டும் இஞ்ச வரேல்லை. நான் சீலை மாத்திக்கொண்டு கதிரையில இருந்தனான்."

தேத்தண்ணிக்கு உலை கொதிக்குமுன் போன் அடித்தது. திரையில் ரஜிதன். முழங்காலில் ஐஸ் பை, முகம் முழுக்கக் கண்ணீர்.

"உங்கட முகத்தைப் பாத்தால் அழுகை வரும் அம்மா. அதாலதான் எடுக்கிறேல்லை."

இவ்வளவு காலமும் மறந்துவிட்டான் என்றல்லவா நினைத்திருந்தாள்! நெஞ்சில் கிடந்த கல் அப்படியே இறங்கிப்போனது.

"அழு," என்றாள். "அழுதிட்டு வாற ஞாயிறும் எடு. இனி விளையாட்டும் இல்லைத்தானே."

வைக்கோல் தூசியோடு படலையைத் திறந்த அப்புத்துரை, ஆர் போனில் என்று கேட்டார்.

கமலாசனி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ரஜிதன். எனக்கு ஒரு கோல் அடிச்சிட்டான்."