ரெம்சன்–டோபெக் அட்டை

ஹாலிஸ் ரெம்சனுக்கு மீன் வறுத்துப் போடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்ற மனுஷன். அப்போது விஸ்கான்சின் மாநில ஆளுநராக இருந்த என் புருஷன் நார்பர்ட் டோபெக்கைத்தான் துணை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்துவதாக இருந்தார். கடைசி நாளில் வேறொருவரை நிறுத்திவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் ஏரி வீட்டுக்கு வந்து, பியரும் கையுமாக உட்கார்ந்து, அந்தத் தேர்தலை மறுபடி நடத்துவார்.

"உன்னை நிறுத்தியிருந்தா விஸ்கான்சின் நமக்கு. ஒஹாயோ நமக்கு," என்று காகித நாப்கினில் எழுதிக்கொண்டே போவார். "இந்நேரம் நாம வாஷிங்டன்ல இருப்போம், நார்பர்ட்."

"அங்க இந்த மாதிரி மீன் கிடைக்காது, விடு," என்பார் இவர்.

இந்த வருஷம் எங்கள் மகன் ரோலண்டும் வீட்டில் இருந்தான். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று கனடாவுக்கு ஓடினவன். ஜனவரியில் அரசாங்கம் மன்னிப்பு கொடுத்தபிறகுதான் ஊர் திரும்பினான். 'என் மூஞ்சி டெலிவிஷனுக்கு லாயக்கில்லையாம், அதான் கழட்டி விட்டுட்டாங்க' என்று நார்பர்ட் அவனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவனும் நம்பிவிட்டான்.

"இர்மா, நீ வாயைத் திறக்காத," என்று காலையிலேயே என்னிடம் சொல்லி வைத்தார். "தெரிஞ்சா அதைத் தலையில தூக்கிட்டு அலைவான்."

படகுக் கொட்டகையிலிருந்து நாற்காலி எடுத்து வரப் போன ரோலண்ட், இன்னொரு கையில் ஒரு தேர்தல் பிரசார அட்டையோடும் வந்தான். 'ரெம்சன்–டோபெக்.' வேட்பாளரை அறிவிக்கும் கட்சி மாநாட்டுக்கு முந்தின நாள் அச்சடித்தது. எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார் நார்பர்ட். எனக்குத்தான் மனசு வரவில்லை, ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். பாவி நான்.

"அச்சடிக்கிற வரைக்கும் வந்திருக்கு," என்றான். "அப்புறம் ஏன் சார் அப்பாவை விட்டீங்க?"

"மீன் ஆறுது," என்றார் நார்பர்ட்.

ரெம்சன் தலையைக் குனிந்துகொண்டார். "பத்திரிகைக்காரங்க முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்ப்பா. உங்கப்பா மாட்டேன்னுட்டான்."

"என்ன வார்த்தை?"

ரெம்சன் நார்பர்ட்டைப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை.

"நீ எங்க பிள்ளையே இல்லைன்னு," என்றேன். "கேட்டதும் போனை வச்சிட்டார்டா."

ரோலண்டின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ எல்லாம் என்னாலதானா?"

நார்பர்ட் என்னை முறைத்தார். பிறகு ரெம்சன் கணக்குப் போட்டிருந்த நாப்கினை இழுத்து அவன் முன்னால் வைத்தார்.

"சரி, ஹாலிஸ் கணக்குப்படியே வச்சுக்குவோம். நான் அதைச் சொல்லிட்டேன். ஜெயிச்சாச்சு. நான் துணை ஜனாதிபதி. ஜனவரியில மன்னிப்பு வருது, நீ பெட்டியோட எல்லையில நிக்கிற." நாப்கினில் விரலை ஊன்றினார். "எந்த வீட்டுக்குடா வருவ?"

ரோலண்ட் அட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நாற்காலியை விரித்து, அப்பாவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான்.

இருப்பதில் பெரிய மீனாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தார் நார்பர்ட். ரெம்சன் அந்த நாப்கினை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒஹாயோவெல்லாம் ஈரத்தில் கலைந்து போயிற்று.