பெட்டியின் அடிப்பக்கம்

பள்ளி இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் எட்டாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்த கிருஷ்ணப்பன் நாலைந்து நோட்டுகளுக்குள் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

கனச்செவ்வகத்தின் மொத்தப் புறப்பரப்பு. ஆறு பக்கங்களின் பரப்பையும் கூட்ட வேண்டும். முன்வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் ஐந்தைத்தான் கூட்டியிருந்தார்கள். கவனக்குறைவு என்றால் ஆளுக்கொரு விதமாகத் தப்பு வரும். இவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தை, அடிப்பக்கத்தை விட்டிருந்தார்கள்.

ராயபுரத்தில் மாதா கோயிலை ஒட்டிய அந்தப் பள்ளியில் அவன் தற்காலிக ஆசிரியன். பிள்ளைகள் நன்றாகப் பதில் சொன்னால் வேலை நிரந்தரமாகும், இல்லாவிட்டால் ஜூனில் வேறு ஆள் என்று தலைமையாசிரியை சிஸ்டர் ஃப்ளோரா தணிந்த குரலில் சொல்லியிருந்தார். வியாசர்பாடியில் அவன் மனைவி சொக்கம்மாளோ வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் அப்படிச் சொன்னது அவன்தான்.

ரோசியைக் கூப்பிட்டான். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள் அவள். அடிப்பக்கம் எங்கே போயிற்று என்று கேட்டான். அவள் புரியாமல் பார்த்தாள்.

"எங்கப்பா கடையில அடிக்கு ஒட்ட மாட்டாங்களே சார்."

பள்ளி விட்டதும் அவள் அப்பாவின் கடையைத் தேடிப் போனான். கஸ்பார் சவப்பெட்டி செய்கிறவர். இரண்டு முக்காலிகளின் மேல் புதுப்பெட்டி ஒன்று இருந்தது. ரோசியும் அவள் தோழிகள் இருவரும் மைதாப் பசை தடவி அதற்குக் கறுப்புத் துணி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் பசைக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

"வா வாத்தியாரே. யாருக்கு?" என்றார் கஸ்பார்.

யாருக்கும் இல்லை என்று அவசரமாகச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தான். கஸ்பாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அடி மண்ணுக்குப் போறது. அதுக்கு இன்னாத்துக்குத் துணி? எவன் குனிஞ்சு பாத்துகினு கீறான்?"

திரும்பும்போது பேசின் பிரிட்ஜில் சைக்கிளை நிறுத்திக் கீழே ஊர்ந்துபோன சரக்கு வண்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். புத்தகத்தில் இருக்கும் பெட்டி எந்தத் தரையிலும் இல்லை. அதை எப்படி விளக்குவது என்று யோசித்தான். நிதானமாகச் சொன்னால் விளங்கிவிடும். ஆனால் நடுவில் இருப்பது புதன்கிழமை ஒன்றுதான்.

புதன்கிழமை அவன் எதையும் விளக்கவில்லை. பெட்டிக்கு எத்தனை பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆறு, ஆறு என்று வகுப்பு கத்தியது. ரோசி கையைத் தூக்கினாள். சில பெட்டிக்கு, என்று ஆரம்பித்தாள். கேள்வியெல்லாம் வேண்டாம், யார் கேட்டாலும் ஆறு பக்கமும் கூட்ட வேண்டும் என்றான். தன் குரலில் இருந்த கடுமை அவனுக்கே புதிதாக இருந்தது. அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் மெதுவாகப் பேசுகிற மனிதர். புத்தகத்தைத் தொடவில்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி, மேலே திறந்திருக்கும், நீளம் மூன்று மீட்டர், அகலம் இரண்டு, உயரம் ஒன்று. உள்பக்கம் முழுக்க சிமெண்ட் பூச வேண்டும், எவ்வளவு பரப்பு என்று கேட்டார்.

பிள்ளைகள் தலை குனிந்து எழுதினார்கள். ரோசியின் பென்சில் மட்டும் நின்றது. அவள் நிமிர்ந்து கிருஷ்ணப்பனைப் பார்த்தாள். என்ன கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எல்லா நோட்டிலும் இருபத்திரண்டு. மேலே இல்லாத மூடிக்கும் சேர்த்துப் பூசியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ரோசியின் நோட்டைக் கையில் எடுத்தார்.

"மேல திறந்திருக்குன்னு சொன்னேனே அம்மா. காத்துலயா பூசுவே?"

பின்வரிசையில் யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். ரோசி எழுந்து நின்றாள். இந்த முறை அவனைப் பார்க்கவில்லை.

"மறந்துட்டேன் சார்."

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அவன் பேசாமல் இருந்தால் போதும். அது ஒரு சின்னப் பெண்ணின் மறதியாகவே முடிந்துவிடும். வாசலில் சிஸ்டர் ஃப்ளோரா நின்றிருந்தார். அவனுக்குச் சொக்கம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது.

"அவ மறக்கலை சார்" என்றான். "யார் கேட்டாலும் ஆறுன்னு நான்தான் சொல்லி வெச்சேன். நீங்க வர்றீங்கன்னு பயந்துட்டேன்."

சவப்பெட்டிக் கடையைப் பற்றியும் சொன்னான். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே பேனாவை மூடினார். இன்றைக்கு எதுவும் எழுதவில்லை, அடுத்த மாதம் திரும்ப வருகிறேன், அப்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னும் ஒரு மாதம். அதே பயம், வீட்டில் அதே பொய்.

மேசையில் இருந்த சாக்பீஸ் பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்து, மறுபடி மூடி நிமிர்த்தி வைத்தான். இதற்கு எத்தனை பக்கம் என்று கேட்டான். எந்த எண் வேண்டும் என்று அவன் முகத்தில் தேடினார்கள். அவன் காத்திருந்தான்.

ரோசி எழுந்து வந்தாள். பெட்டியின் மூடியை இழுத்துத் தனியே வைத்தாள். பெட்டியைத் தூக்கி அடியில் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு சார் கேக்கறீங்க?" என்றாள். "பூசறதுக்கா, துணி ஒட்டறதுக்கா?"

கிருஷ்ணப்பன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். முதலில் துணி ஒட்டுவதிலிருந்து சொல் என்றான்.