நாலு சைக்கிளும் ஒரு றொக் குழுவும்

1992இல் யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த முருகேசுவுக்குத் தலை சொறிய நேரமில்லை. போர்த் தடையால் பெற்றோல் வராது. மின்சாரம் போய் ஒன்றரை வருடமாகிவிட்டது. பற்றறிக்கும் தடை. நோயாளியை ஏற்றவும் சைக்கிள், மாப்பிள்ளையை ஏற்றவும் சைக்கிள். செய்தி கேட்பதும் சைக்கிளில்தான். டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவில் பூட்டிக் கொடுப்பான் முருகேசு. வீட்டில் ஒருவர் பெடலை உழக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து லண்டன் செய்தி கேட்பார்கள்.

அந்தக் கைவேலையைக் கேள்விப்பட்டு ஒரு நாள் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். ஏர்னெஸ்ட் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் மின்சாரப் பகுதியில் இருந்தவர். தொண்ணூறில் இடம்பெயர்ந்து, உரும்பிராயில் உறவினர் வளவில் ஒரு கொட்டில் போட்டு இருந்தார். நாற்பதை நெருங்கும் ஒல்லியான மனிதர். தேவராஜா அதே ஆலையில் எழுத்து வேலை பார்த்த கிளாக். மூன்றாமவர் பெர்னடெட், கணக்குப் படிப்பிக்கும் ரீச்சர். றேடியோ பாடுகிற டைனமோவில் எலெக்ட்ரிக் கிற்றாரும் பாடுமா என்று ஏர்னெஸ்ட் கேட்டார். முருகேசு அப்படியொரு கிற்றாரைக் கிட்ட நின்று பார்த்ததே இல்லை. பாடும் என்று சொல்லிவிட்டான். முடியாது என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

சைக்கிள்களில் டைனமோ பூட்டிய அந்தப் பத்து நாட்களில் தேவராஜா கதையைச் சொன்னார். அவர்களுடையது ஒரு றொக் குழு. பெயர் ‘சீமெந்துத் தூள்’. ஏர்னெஸ்ட் தமிழில் எழுதி மெட்டுப் போடுவார். ஆலைக் கழகத்திலும் கலியாண வீடுகளிலும் வாசித்தார்கள். 83இல் கொழும்பிலிருந்து ஒரு கசெற் கொம்பனிக்காரர் கடிதம் போட்டார்: ஆகஸ்ட் முதல் கிழமை வந்து பதிவு செய்யுங்கள் என்று. யூலைக் கலவரத்தில் அந்தக் கொம்பனி இருந்த தெருவே எரிந்துபோனது. அடுத்த வருடம் ட்ரம்ஸ் அடித்த பெர்னடெட்டின் தமையன் ஜேர்மனிக்குப் போய்விட்டான். வீட்டில் கிடந்த ட்ரம்ஸுக்கு முன்னால் ஒரு நாள் பெர்னடெட் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பிறகு ஆலை மூடியது, கரண்ட் போனது. பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்கிற மாதிரித்தான் தேவராஜா இதையெல்லாம் சொன்னார்.

நாலு சைக்கிள்களை ஸ்டாண்டில் ஏற்றி, ஒவ்வொன்றின் பின்சில்லிலும் இரண்டு டைனமோ பூட்டினான் முருகேசு. கைவிடப்பட்ட கார்களின் றேடியோக்களைக் கழற்றி ஏர்னெஸ்ட் அம்பிளிபயர் செய்தார். கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டும் நமசிவாயம், கரண்ட் போனதிலிருந்து தூசி பிடித்துக் கிடந்த தன் குழாய்களைத் தந்தார். கொஞ்சக் கரண்டிலும் ஊரைக் கூட்டக்கூடிய குழாய்கள்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. தேவாலயத்து மண்டபத்தில் நூற்றைம்பது பேர்வரை இருந்தார்கள். அகதி முகாம் பிள்ளைகளுக்காக ஆளுக்கொரு எழுதும் கொப்பி கொண்டுவர வேண்டும், அதுதான் நுழைவுச் சீட்டு. மேடைக்குப் பக்கத்தில் நாலு சைக்கிள்களும் வரிசையாக நின்றன. மூன்றில் தேவாலயச் சபையைச் சேர்ந்தவர்கள் ஏறினார்கள். ஏர்னெஸ்டின் கிற்றாருக்குக் கரண்ட் கொடுக்கும் சைக்கிளில் முருகேசு.

அவன் எதையும் எதிர்பார்த்து ஏறவில்லை. அவனுக்கு இசை என்றால் நல்லூரில் விடியும்வரை நின்று கேட்ட நாதஸ்வரக் கூட்டம்தான். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

பெர்னடெட் நாலு தட்டுத் தட்டினாள். முதல் ஒலி குழாயிலிருந்து வந்தது. இரும்பு அறுக்கிற சத்தம் மாதிரி ஒன்று. ஆனால் அதற்குள் ஒரு மனுசக் குரல் இருந்தது. சீமெந்துத் தூள் படிந்து வருடம் முழுக்க வெள்ளையாய் நிற்கும் வேப்பமரம் ஒன்றைப் பற்றி ஏர்னெஸ்ட் பாடினார். அது முதல் மழையில் பச்சையாகிறது. மரத்துக்கே தன் நிறம் மறந்துபோயிருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. தேவராஜாவின் பேஸ் கிற்றார் மண்டபத்துத் தரையால் வந்து சைக்கிளில் ஏறி முருகேசுவின் எலும்பைத் தொட்டது. கணக்கு ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு அடித்த அடியில் யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் முருகேசுவின் கால் சோர்ந்தது. சில்லு மெதுவாகியது. கிற்றாரின் ஒலி கம்மி, கரகரத்து, கீழே விழத் தொடங்கியது. எல்லாம் என்னால் கெட்டது என்று அவன் பதறினான். நிமிர்ந்து பார்த்தபோது ஏர்னெஸ்ட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமில்லை. விழுகிற ஒலியோடு தன் விரலையும் இறக்கி, அந்தச் சோர்வையே ஒரு முனகலாக இழுத்தார். பெர்னடெட் உடனே கையைத் தளர்த்தினாள். தேவராஜா ஒரே சுரத்தில் நின்றார்.

அவர்கள் தன் காலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் முருகேசுவுக்கு விளங்கியது. மெல்ல மெல்ல வேகம் கூட்டினான். கிற்றார் எழுந்தது. இன்னும் கூட்டினான். அது மேலே மேலே ஏறி, கூரை ஓடுகளைத் தாண்டிப் போவது போல இருந்தது. வியர்வை கண்ணில் வழிய, எங்கே இருக்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோனது. நல்லூரில் எந்த விடியற்காலையிலும் அவன் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

முடிந்ததும் சனம் எழும்பி நின்று கைதட்டியது.

ஒருவரும் அதைப் பதிவு செய்யவில்லை. கசெற் இருந்தது, றெக்கோடருக்குப் பற்றறி இல்லை. முருகேசு டைனமோக்களைக் கழற்றத் தொடங்கினான். நாலு சைக்கிளில் ஒன்றை றெக்கோடருக்கு விட்டிருக்கலாமே என்று அவன் மனம் நொந்து சொன்னதற்கு, ஏர்னெஸ்ட் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

“அப்பிடியெண்டால் ஆரோ ஒராளின்ரை சத்தம் குறைஞ்சிருக்கும், தம்பி. ஆரைக் குறைக்கிறது?”

அடுத்த நாள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் முருகேசு அதைச் சொல்லப் பார்த்தான். வார்த்தை வரவில்லை. ஒரே இரைச்சலாம் என்று ஒருவர் சொல்ல, அவருடைய ரியூபை ஒட்டாமலே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாடு முடித்து ஏர்னெஸ்டின் கொட்டிலுக்குப் போனான். ஒரு சைக்கிள், ஒரு குழாய், உழக்க அவன் ஒருவன். 93இல் தேவராஜா கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்குப் போனார். கனடாவுக்குப் போய்விட்டதாகப் பிறகு கடிதம் வந்தது. மிஞ்சிய இருவரும் நிறுத்தவில்லை. மூன்றரை வருடங்களில் நாற்பத்தொரு புதுப் பாட்டுகள். ஆலைக் கந்தோரின் சுவர் மணிக்கூடு பற்றி ஒன்று, கப்பலில் வராத மாவைப் பற்றி ஒன்று, பெர்னடெட் எழுதிய, சொல்லே இல்லாத ஒன்று. அதைக் கேட்ட அன்று முருகேசு வீடு திரும்பும் வழியில் சைக்கிளை விட்டிறங்கி, தோட்டக் கரையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். உலகத்தில் இதைக் கேட்டது நான் ஒருவன்தானே என்று நினைக்க அவனுக்குப் பயமாகக்கூட இருந்தது.

95 ஐப்பசி முடிவில் இராணுவம் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்து நெரிசலில் பெர்னடெட்டின் குடும்பம் எங்கே பிரிந்ததென்று தெரியவில்லை. ட்ரம்ஸ் அவள் வீட்டோடு நின்றுவிட்டது. ஏர்னெஸ்டும் முருகேசுவின் குடும்பமும் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கினார்கள். கிற்றாரை ஏர்னெஸ்ட் தன் சாரத் துணியால் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை கிராம அதிகாரியான விதானையார் மேசை போட்டு, நிவாரண அட்டைக்குப் பெயர் பதிந்தார். இரண்டு மணி நேர வரிசை. ஏர்னெஸ்டின் முறை வந்ததும் தொழில் என்ன என்று கேட்டார். முன்னம் சீமெந்து ஆலை, இப்போது ஒன்றுமில்லை என்றார் ஏர்னெஸ்ட்.

பின்னால் நின்ற முருகேசு முன்னுக்கு வந்தான்.

“ஐயா, பாட்டுக்காரர் எண்டு எழுதுங்கோ.”

விதானையார் களைத்துப்போன கண்ணோடு நிமிர்ந்தார்.

“என்ன பாட்டு? எங்களுக்குத் தெரிஞ்ச பாட்டோ?”

“இல்லை ஐயா, நீங்கள் கேட்டிருக்க மாட்டியள். கொழும்பு கேக்கேல்லை, ஒருத்தரும் கேக்கேல்லை. நான் கேட்டனான். இவரைப்போல ஒருத்தர் இந்த மண்ணிலை இருந்தவர் எண்டு எங்கையாவது ஒரு கடதாசியிலை கிடக்கட்டும்.”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏர்னெஸ்ட் தலையைக் குனிந்துகொண்டார்; காதுவரை சிவந்திருந்தது. விதானையார் பேனாவை ஒருமுறை உதறிவிட்டு, ‘சங்கீதக்காரர்’ என்று எழுதி, அட்டையை நீட்டினார்.

வெளியே வந்ததும் ஏர்னெஸ்ட் அந்த அட்டையை நெடுநேரம் வைத்துப் பார்த்தார். பிறகு முருகேசுவிடம், இந்தப் பள்ளிக்கூடத்தில் ஸ்டாண்டுள்ள சைக்கிள் யாரிடமாவது இருக்குமா என்று விசாரித்தார்.