எட்டாம் நாள் சிவப்புக் கோவா

வெட்டின முட்டைக்கோவாவுக்குள்ளே ஊதா இலை மடிப்புகள். ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. யன்னலுக்கு வெளியே பனி.

இந்தக் காலத்துச் சனத்துக்குச் செத்தவனுக்கும் சனிக்கிழமையில்தான் பசிக்கவேணும். "எட்டுச் செலவைச் சனிக்குத் தள்ளுங்கோ அண்ணை, வேலைநாள்" என்றார்கள். செத்தவனின் தகப்பன் இளையதம்பி அந்தப் படையலைத் தள்ளவில்லை. எட்டாம் நாள் செவ்வாய். செவ்வாய்தான். ஒருத்தரும் வரவில்லை.

மருமகள் மட்டும் வந்தாள். உல்ரிகே. ஜேர்மன்காரி. அவளைக் கட்டினதுக்காகத்தான் மகன் தயாபரனோடு அவர் பேச்சை நிறுத்தினார். ஒரே நகரம். மூன்று ட்ராம் தரிப்பு. பதினொரு வருசம்.

செத்தவன் விரும்பித் தின்றதைச் சமைத்துப் படைக்கவேணும். கணவாய் மீன் கறி வைத்தார். முட்டை பொரித்தார். சின்ன வயதில் விரும்பினவன். நாற்பத்திமூன்று வயதில் என்ன விரும்பினான்? அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அதுதான் எரிச்சல்.

"இது, மாமா. ஒவ்வொரு ஞாயிறும்." கோவாவோடு அவள் கொண்டுவந்தது அப்பிள், கராம்பு, வாத்துக் கொழுப்பு, வினாகிரி.

"இறைச்சிக்குப் பக்கத்திலை சும்மா வைக்கிற சாமான். இதையோ என்ரை பிள்ளை திண்டவன்?"

"ரெண்டு தரம் போட்டுச் சாப்பிடுவார்."

பொய் என்றே நினைத்தார்.

அவள் வினாகிரியைத் தூக்க, மறித்தார். "புளி விட்டால் மரக்கறி வேகாது. பிறகு விடலாம். அப்பிளும் புளிதான், அங்காலை வை." அவருடைய அடுப்பில் எப்போதும் அப்படித்தான். அவள் அப்பிளைத் தள்ளி வைத்தாள்.

கொழுப்பில் வதங்கியது. தண்ணீர் விட்டார். மூடினார். பனி பார்த்தார். திறந்தார்.

நீலம். சட்டி நிறைய நீலம்.

போன கிழமை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் மகனின் முகத்துத் துணியை விலக்கிக் காட்டினார்கள். மாரடைப்பு என்றார்கள். அந்த உதடு. அந்த நீலம்.

அவர் மூடியைக் கீழே வைத்தார். அவள் வினாகிரியை ஊற்றினாள். அப்பிளைப் போட்டாள். சீனி போட்டாள். கிளறக் கிளற ஓரம் சிவந்தது. நடு சிவந்தது. முழுக்கச் சிவந்தது.

சட்டிக்கு நிறம் திரும்பி வந்தது. சட்டிக்கு மட்டும்.

சின்ன நெருப்பில் ஒரு மணித்தியாலம். பிறகு அவள் கரண்டியால் அள்ளி வாயில் வைத்தாள்.

"படையலுக்கு வைக்கிறதை வாயிலை வைக்கிறதே! எச்சில்!"

"ருசி பாக்காமல் எப்பிடி, மாமா? நான் பாப்பன். பிறகு தயா இந்தக் கரண்டியை நக்குவார்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொட்டிவிடலாம். கறியும் முட்டையும் எச்சில் படாதவை. சுத்தமானவை. ஆனால் அவை எப்போதோ வளர்ந்துபோன ஒரு சின்னப் பொடியனுக்கு உரியவை.

வாழையிலையின் ஓரத்தில் கோவாவை வைத்தார். கணவாயை ஒதுக்கினார். நடுவுக்குத் தள்ளினார்.

படைத்ததில் ஒரு பங்கைச் சந்தியில் வைக்கவேணும். வைத்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் செத்தவன் வந்து தின்னமாட்டான்.

மத்தியானம். நாலு தெரு கூடுகிற இடம். விளக்குக் கம்பத்தடியில் இலைத்துண்டை வைத்தார். கோவாவிலிருந்து ஆவி எழும்பியது. சாறு வழிந்த இடத்தில் பனி சிவந்து கரைந்தது.

"தின்னுவியோ மாட்டியோ, எனக்குத் தெரியாதடா" என்றார். கோபமாகத்தான் சொன்னார். பதினொரு வருசத்தில் மகனோடு பேசின முதல் பேச்சு.

நடந்தார். பக்கத்தில் வந்த அவளுக்கு வழக்கம் தெரியாது. திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பார்க்காதே என்று அவர் சொல்லவில்லை. என்ன தெரியுது என்றும் கேட்கவில்லை.

அவன் வருவான் என்று அவர் நம்பவில்லை. என்றாலும் திரும்பாமல் காலை எட்டி வைத்தார்.