ராஜமேரியின் புதுநன்மை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் நாத்தனார் ராயம்மாள் ஊரைக் கூட்டிச் சொல்லுவாள்.

என் பெயர் மாதம்மாள். மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற வீட்டில் பிறந்தவள். வாக்கப்பட்டது கிறிஸ்தவ வீட்டு மரியசூசைக்கு. கல்யாணத்துக்கு மேலிடத்தில் அனுமதி வாங்கிய சாமியார், என்னைப் பீடத்துப் பக்கமே விடவில்லை. கோயிலை ஒட்டிய அறையில் வைத்துத்தான் தாலி ஏறியது. என் பிறந்த வீட்டார் அன்றோடு என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். நான் ஞானஸ்நானமும் வாங்கவில்லை. மனசு வரவில்லை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரரும் வற்புறுத்தவில்லை.

எங்கள் பாப்பா ராஜமேரிக்கு ஆறு வயதாகும்போது மஞ்சள் காமாலையில் அவர் போய்விட்டார். போகிறதுக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவுக்குப் புதுநன்மை மட்டும் நல்லபடியா குடுக்க வெச்சிடு மாது" என்றார். பிள்ளைகள் முதன்முதலாகச் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குவதுதான் புதுநன்மை. எனக்கென்று வேறு ஒன்றும் சொல்லவில்லை மனுசன்.

தருமபுரியில் ரயில்வே வேலைக்காரரைக் கட்டியிருந்த ராயம்மாள், கருமாதிக்கு வந்த இடத்திலேயே பேச்சை ஆரம்பித்தாள். "ஞானஸ்நானம் வாங்காத அஞ்ஞானி கையில எங்க தம்பி புள்ளை வளரக் கூடாது. நான் கூட்டிட்டுப் போயி மடத்து சிஸ்டருங்ககிட்ட சேத்துடறேன்." உறவுக்காரர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். நான் போட்ட சத்தத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். புதுநன்மை வரைக்கும் பிள்ளை என்னிடம் இருக்கலாம். அது ஒழுங்காக நடந்தால் அப்புறமும் என்னிடமே இருக்கலாம்; அதில் ஒரு குறை வந்தாலும் ராயம்மாள் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். நானும் சரி என்றேன். வேறு வழி?

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குக் கிழக்கே, கடலைக்காட்டு நடுவில் இருக்கிறது. அந்த அறுபத்திரண்டாம் வருசம் சாமியார் மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் சவரி உபதேசியார்தான். சாயங்காலம் ஆடு மாடு திரும்பியதும் பிள்ளைகளைக் கோயிலில் உட்கார வைத்து மந்திரம் சொல்லிக்கொடுப்பார். கடைசித் தூணுக்குப் பின்னால் நானும் உட்கார்ந்துகொள்வேன். யாரும் என்னை வெளியே போ என்று சொன்னதில்லை. உள்ளே வா என்றும் சொன்னதில்லை.

"நன்மை வாங்க எப்படி ஆயத்தமா வரணும்?" என்று உபதேசியார் கேட்பார்.

"பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கி, வெறும் வயித்தோட, ஆசையோட வரணும்" என்று பிள்ளைகள் கத்தும்.

வீட்டில் அடுப்படியில் வைத்து அதையே நான் ராஜமேரியிடம் திருப்பித் திருப்பிக் கேட்பேன். அவளுக்குத் தடுமாறினால் நான் எடுத்துக்கொடுப்பேன். அப்பத்தைப் பல் படாமல் விழுங்க வேண்டும் என்பதால், வாழைப்பழத் தோலைக் காகிதம் மாதிரி சீவி நாக்கில் வைத்துப் பழக்கினேன். "ஐயே, கசக்குதும்மா" என்று சிரிப்பாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த நாட்களில்தான்.

புதுநன்மை நாளும் வந்தது. தலைக்கு ஊற்றி, வெள்ளை கவுன் போட்டு, தலைக்கு முட்டாக்குத் துணி போட்டு, பூமுடி வைத்தேன். மணி அடித்துவிட்டது. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள் பிள்ளை. அப்படியே அவள் அப்பன் ஜாடை. என் பிறந்த வீட்டில் நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற பிள்ளையை வெறும் வாயோடு அனுப்பமாட்டார்கள். என் கை தானாக மாடத்துக்குப் போனது. ஒரு கட்டி வெல்லத்தை எடுத்து அவள் வாயில் போட்டுவிட்டேன்.

அவளும் முழுங்கிவிட்டாள். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

"அம்மா, வெறும் வயித்தோட..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அவள் வாயைத் துடைத்தேன். "ஒண்ணும் ஆகாது. யாருகிட்டயும் மூச்சு வுடாத. நட" என்றேன். வெல்லம் கொடுத்தது தப்பென்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. எந்தத் தாய்க்குத்தான் கை சும்மா இருக்கும்? ஆனால் கோயில் வாசலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ராயம்மாள் நின்றிருந்ததைப் பார்த்ததும் பிள்ளையின் உதட்டை முந்தானையால் இன்னொரு தரம் துடைத்தேன்.

பூசை நடந்தது. நான் என் தூணுக்குப் பின்னால் இருந்தேன். நன்மை வாங்குகிற நேரம் பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பீடத்தடுப்புக் கிராதி முன்னால் முழங்காலில் நின்றார்கள். ராஜமேரி கடைசி ஆள். அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அழுகிறாள். வாங்கினால் பெரிய பாவம் என்று படித்திருக்கிறாள். வாங்காவிட்டால் அத்தை இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்பதும் தெரியும். எனக்காகத்தான் அங்கே போய் முழங்கால் போட்டிருக்கிறாள். அட பாவி மாதம்மா, உன் பாரத்தைப் பச்சைப்பிள்ளை தலையிலா ஏற்றுவாய் என்று என் நெஞ்சே என்னைக் கேட்டது.

நான் எழுந்தேன். அதுவரை தாண்டாத தூணைத் தாண்டி, ஊர் பார்க்க, கிராதி வரைக்கும் நடந்தேன்.

"சாமி, அவளுக்குக் குடுக்காதீங்க. காலையில நான் வெல்லம் ஊட்டிட்டேங்க. அவ மேல தப்பில்லீங்க" என்றேன்.

ராயம்மாள் பின்னாலிருந்து, "பாத்தீங்களா சாமி! நான் சொன்னேன்ல! பஸ்ஸுக்கு இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

சாமியார் வயசானவர். அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. குனிந்து பிள்ளையிடம், "சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகணும்மா. பக்கத்து ஊர்ல ஒரு பூசை இருக்கு, முடிச்சிட்டு வந்து தர்றேன். அதுவரைக்கும் ஒண்ணும் சாப்பிடாம இருப்பியா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

பூசை முடிந்தது. வெளியே பந்தலில் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் காபியும் கொடுத்தார்கள். சிரிப்பும் கூச்சலும் உள்ளே கேட்டது. எங்களை யாரும் எட்டிப்பார்க்கவில்லை. கோயிலுக்குள் நானும் அவளும் மட்டும். உபதேசியார் மட்டும் ஒருதரம் வந்து, "தண்ணி குடிக்கலாம்மா, தப்பில்லை" என்றார். பிள்ளை வேண்டாம் என்றுவிட்டாள். நானும் குடிக்கவில்லை.

"சாமி வருவாராம்மா?"

"வருவாரு கண்ணு."

எனக்கு நம்பிக்கையில்லை. வருவார்கள் என்று நான் காத்திருந்தவர்களில் யார் வந்திருக்கிறார்கள்? என் அம்மா வரவில்லை, என் அண்ணன் வரவில்லை. பந்தலைப் பிரித்துக்கொண்டு ஊரும் கலைந்துவிட்டது. வெயில் ஏறியது. பூமுடி வாடிப்போனது. கண் சொருகும்போதெல்லாம் அவளே தன் கன்னத்தில் தட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மடியில் படுத்துக்கொள் என்றேன், மாட்டேன் என்றாள்.

உச்சிப்பொழுதுக்குச் சைக்கிள் மணி கேட்டது. தலையெல்லாம் புழுதியோடு சாமியார் வந்து சேர்ந்தார். முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பீடத்துக்குப் போனார். ஊர் இல்லை, பாட்டு இல்லை. காலி கோயிலில் என் பிள்ளை தனியாக முழங்கால் போட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்டி நன்மை வாங்கினாள். கைகூப்பிக்கொண்டு திரும்பி வந்து என் பக்கத்தில் முழங்கால் போட்டாள்.

அவள் கண்ணைத் திறப்பதற்குள் ராயம்மாள் உள்ளே வந்துவிட்டாள். கையில் பை. "ஆச்சுல்ல? கெளம்பு. பஸ் போயிரும். உங்கம்மா வளத்த லட்சணத்தை ஊரே பாத்துருச்சு."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆமாம், நான்தான்! பேச்சு என்றால் பேச்சு, கருமாதியில் கொடுத்தது. எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டவள் இனி எந்த வாயால் சண்டை போடுவது? பிள்ளையின் மாற்றுத்துணியை எடுத்துவர வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தேன்.

ராஜமேரி தன் ஜெபத்தை நிதானமாக முடித்தாள். சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள். அத்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் உங்ககூட வந்துட்டா அம்மாவுக்கு யாரு இருக்காங்க அத்தை?"

சண்டையாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ராயம்மாள் என்னைப் பார்த்தாள், சாமியாரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்துவிட்டு, தனியாகவே பஸ்ஸுக்குப் போனாள் ராயம்மாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழுததில்லை. எனக்கு யாருமில்லை என்று நான் எவரிடமும், ராஜமேரியிடமும்கூட, ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. ஒன்பது வயசுப் பிள்ளை அதைத் தெரிந்துவைத்திருக்கிறாள்.