ஆணியடித்த பொத்தான்கள்

ஆபீசில் எனக்குப் பட்டப்பெயர் மில்லிமீட்டர். செயலிகளின் திரையை வடிவமைப்பது என் வேலை. திரையில் ஒரு பொத்தான் ஒரு பிக்சல், ஒரு புள்ளி அளவு, விலகினாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் கண் மருத்துவமனைக்குச் செயலி செய்தபோது, மேலிருந்து இத்தனை பிக்சல், இடமிருந்து இத்தனை என்று எல்லாவற்றையும் ஆணியடித்து நிறுத்தினேன்.

செயலியைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெண் அன்றைக்கே சொன்னாள். "எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள வரிசையா போடுங்கக்கா. மேல இருக்கற எழுத்து பெருசானா, கீழ இருக்கற பொத்தானைத் தானா தள்ளிவிடும்."

"எதுக்குடி பெருசாகணும்? எல்லாம் கச்சிதமா வெச்சிருக்கேன். உன் வேலையைப் பாரு."

அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். செயலி வெளிவந்தது. ஆளாளுக்குப் பாராட்ட, நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அம்மாவுக்கு அங்கேதான் கண் ஆபரேஷன். வலக்கண் போனது போனதுதான். மங்கிவரும் இடக்கண்ணுக்கு மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. முந்தின நாள் செயலியில் 'வருகிறேன்' என்று அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டேன் என்றாள். காலையில் போய் நின்றால், "நேத்து நீங்களே கேன்சல் பண்ணிட்டீங்களேம்மா. இனி ஏழு வாரம் கழிச்சுத்தான்" என்றார் ரிசப்ஷனிஸ்ட்.

"ரெண்டு பொத்தான் இருக்குமே, படிச்சுப் பாத்து அமுக்கக் கூடாதா?" அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

"ஒண்ணுதான்டி இருந்துச்சு."

அவள் போனை வாங்கிப் பார்த்தேன். எழுத்தை ஆகப் பெரிதாக வைத்திருந்தாள். என் போனிலும் அதே அளவை வைத்துச் சோதனைத் திரையைத் திறந்தேன். டாக்டர் பெயரும் நேரமும் நாலு வரியாக வீங்கி 'வருகிறேன்' மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. மிச்சமிருந்த 'ரத்து' பொத்தானில் எழுத்துகள் பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தன.

அதற்குள் அம்மா ரிசப்ஷனிஸ்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என் பொண்ணு செஞ்சதுங்க அது. அதுல தப்பு இருக்காது. என் கண்ணுதான் சரியில்ல."

"பரவாயில்லம்மா. இந்த வாரம் மட்டும் உங்கள மாதிரி இருபத்திரெண்டு பேர் வந்து நின்னாங்க. எல்லாம் வயசானவங்க. திட்டித்தான் அனுப்பினேன்."

கண் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் யார்தான் சின்ன எழுத்து வைத்திருப்பார்கள்? ரிசப்ஷனிஸ்ட் பக்கம் திரும்பினேன்.

"அவங்க நம்பரெல்லாம் குடுங்க" என்றேன். "தப்பு என்னோடதுன்னு நானே சொல்லணும். அம்மா, உன்கிட்டயிருந்தே ஆரம்பிக்கறேன்."